ஃபெஸ்கியூ புல்லும் நம்மூர் இரவும்: வாசகர் கேள்வி பதில்

தோட்டப் பகுதிக்கு இம்முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புல்லைப் பற்றிக் கேட்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு முற்றங்களை நிறைத்திருக்கும் ஃபெஸ்கியூ என்னும் அப்புல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர் ஏதும் இல்லை. நம் மண்ணில் அது தானாக முளைத்ததில்லை என்பதே காரணம். ஆகவே கடிதங்களை ஒன்றாகத் தொகுத்து விடை எழுதுகிறேன்.

ஓசூர் வாசகி ஒருவர்: பாகலூர் சாலையில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். முன்புறம் சுமார் 1,000 சதுர அடி இடம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் உள்ள என் தம்பி வீட்டுப் புல்தரையைப் பார்த்து வந்ததிலிருந்து அதே போல அமைக்க வேண்டும் என்று ஆசை. அது 'டால் ஃபெஸ்கியூ' என்றும், வறட்சி தாங்கும் என்று விதைப் பையிலேயே அச்சிட்டிருப்பதாகவும் அவன் சொல்கிறான். அடுத்த முறை வரும்போது விதை கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: தங்கள் தம்பி சொல்வதும் உண்மை, பையில் அச்சிட்டிருப்பதும் உண்மை, ஆனால் அந்த 'வறட்சி தாங்கும்' என்னும் சொல் எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்பதைப் பை சொல்வதில்லை. குளிர்நாட்டுப் புல்தரைகளில் ஃபெஸ்கியூவுக்குப் போட்டியாக இருப்பவை புளூ கிராஸ், ரை கிராஸ் முதலியவை. அவற்றின் வேர்கள் மேல்மண்ணோடு நின்றுவிட, டால் ஃபெஸ்கியூவின் வேர் நல்ல மண்ணில் இரண்டு மூன்று அடி ஆழம் வரை இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. அவற்றோடு ஒப்பிட்டால் அது வறட்சி தாங்கும் புல்தான். நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்லோடு ஒப்பிட்டு அந்தச் சொல்லை யாரும் அச்சிடவில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வேரில் மட்டும் இல்லை, இலைக்குள்ளும் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்குவதற்குப் புற்கள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. நெல், கோதுமை, ஃபெஸ்கியூ ஆகியவை ஒரு வழி. கேழ்வரகு, சோளம், கரும்பு, அருகம்புல் ஆகியவை மற்றொரு வழி. முதல் வகையில், வெப்பம் ஏறும்போது கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடிக்கத் தொடங்குகிறது. செய்த உணவில் ஒரு பகுதி அப்படியே வீணாகிறது. இரண்டாம் வகை, கரியமில வாயுவை இலையின் உள்ளறைகளில் செறிவாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை செய்வதால் அந்த இழப்பு அதற்கு மிகக் குறைவு; இலைத்துளைகளைப் பாதி மூடிக்கொண்டும் அது வளர முடியும் என்பதால் நீரும் மிச்சமாகிறது. இவ்விரு மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகு ஏன் நிலைத்து நின்றது என்பதற்கான விடையில் இதுவும் ஒரு பகுதி. ஃபெஸ்கியூ செழிப்பாக வளர்வதற்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரை. அருகம்புல்லுக்கு 27 முதல் 35 வரை. இந்த இரண்டு எண்களையும் தங்கள் ஊர் வெயிலோடு பொருத்திப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பாதி விடை என்று சொல்வதற்குக் காரணம் ஓசூர். மேலுமலை ஏறிச் சூளகிரி தாண்டியதும் காற்று மாறுவதைப் பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறவர்கூட உணர்வார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், கார்த்திகை முதல் மாசி வரை ஃபெஸ்கியூ நியூ ஜெர்சியில் இருப்பதைப் போலவே பசுமையாக இருக்கும். அதுவே மக்களை ஏமாற்றுகிறது. பங்குனி பிறந்ததும் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும்; இரவிலும் போதிய குளிர்ச்சி இராது. பகலில் குறைவாகச் சம்பாதித்து இரவில் அதிகமாகச் செலவழிக்கும் குடும்பம் போல, அந்தப் புல் தன் சேமிப்பைத் தின்று மெலியும். அதற்குப் பிறகு தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் பயன் சொற்பம்.

விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்: கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணையின்படி, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இது வெறும் சடங்கு அன்று. நம் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியும், வயலோரங்களில் நிற்கும் பார்த்தீனியமும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவையே.

ஆகவே தங்கள் 1,000 சதுர அடிக்கு நான் ஃபெஸ்கியூவைப் பரிந்துரைக்க மாட்டேன். அதே மென்மையான தோற்றம் வேண்டுமென்றால் நர்சரிகளில் 'மெக்சிகன் கிராஸ்' என்று விற்கப்படும் சோய்சியா வகைப் புல்லைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கணக்கையும் இப்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர்; கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால் 465 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் 26 நாளுக்கு வராது. முழு இடத்தையும் புல்லாக்காமல், அமர்ந்து பேசும் 300 சதுர அடிக்கு மட்டும் புல்லை வைத்துக்கொண்டு, மீதியில் பூச்செடிகளும் நடைபாதையும் அமைப்பதே ஓசூரின் இன்றைய தண்ணீர் நிலைமைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

தருமபுரி வாசகர் ஒருவர்: இணையத்தில் வாங்கிய டால் ஃபெஸ்கியூ விதையை ஐப்பசி இறுதியில் விதைத்தேன். பத்தே நாளில் முளைத்தது. தை வரை பார்ப்போர் வியக்கும்படி இருந்தது. மாசி இறுதியில் வட்ட வட்டமாகப் பழுக்கத் தொடங்கியது. வாடுகிறது என்று எண்ணி மாலைதோறும் தண்ணீர் தெளித்தேன், யூரியாவும் இட்டேன். இப்போது பாதிக்கு மேல் வைக்கோல் நிறமாகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: தங்கள் கடிதம் என் பழைய நாட்குறிப்பைப் படிப்பது போல இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரியில் குடியிருந்தபோது நானும் ஒரு பொட்டலம் ஃபெஸ்கியூ விதைத்தேன்; பொங்கலுக்கு வந்த உறவினரெல்லாம் அதன்மேல் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்; சித்திரைக்கு அதே இடத்தில் துடைப்பத்துக்கு ஆகும் தாள்தான் மிச்சம். ஆடி மழைக்குப் பிறகு அந்த இடைவெளிகளில் யாரும் விதைக்காத அருகம்புல் படர்ந்து மூடியது.

தாங்கள் சொல்லும் வட்டங்கள் வறட்சியால் வந்தவை அல்ல என்றே தோன்றுகிறது. ஒரு வாடிய இலையைப் பிடுங்கிப் பாருங்கள். நீர் இல்லாமல் வாடிய ஃபெஸ்கியூவின் இலை நீளவாக்கில் மடிந்து, சற்றே நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். நடந்து போனால் கால் தடம் எழாமல் அப்படியே பதிந்து கிடக்கும். அவ்வாறன்றி இலையில் வெளிறிய புள்ளியும் அதைச் சுற்றிக் கரும்பழுப்புக் கரையும் இருந்தால், அது ரைசோக்டோனியா என்னும் பூஞ்சையின் வேலை. நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் இதே பூஞ்சையே. தங்கள் பகுதியில் ஏரிப் பாசனத்தில் நெல் வைப்பவர்கள் அதை நன்கறிவார்கள். இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்காமல், இலையும் இரவு முழுவதும் நனைந்தே கிடந்தால் இப்பூஞ்சை பரவுகிறது. மாலையில் தண்ணீர் தெளித்தது இரவு முழுவதற்குமான ஈரத்தைக் கொடுத்தது. யூரியா அதற்கு ஏற்ற இளந்தழையைக் கொடுத்தது. வாடியது என்று எண்ணித் தாங்கள் செய்த இரண்டு உதவிகளும் நோய்க்கே போய்ச் சேர்ந்தன.

இனி விடியற்காலையில் மட்டும் நீர் விடுங்கள், உரத்தை நிறுத்துங்கள், புல்லை மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாமல் விடுங்கள். டால் ஃபெஸ்கியூவை ஒட்ட வெட்டினால் தண்டின் அடிப்பகுதியில் வெயில் நேரே விழுந்து இன்னும் விரைவில் சாகும். இவ்வளவு செய்தாலும் தருமபுரியின் பங்குனி, சித்திரையை அது கடப்பது அரிது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இப்புல் தூர் கட்டி வளர்வதே தவிர ஓடி வேர்விடுவது இல்லை. அருகு ஓரிடத்தில் செத்தால் பக்கத்திலிருந்து ஓடிவந்து மூடிக்கொள்ளும். ஃபெஸ்கியூ செத்த இடம் மறுபடி விதைக்கும் வரை வெற்றிடம்தான். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்தியவர்கள் எந்தப் புல்லைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்.

பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆனியில் மாற்றப் போகும் புல்லுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர்: வீட்டைச் சுற்றி ஆறு மாமரங்கள் உள்ளன. அவற்றின் நிழலில் அருகம்புல் நிற்பதில்லை. 'ஃபைன் ஃபெஸ்கியூ' நிழலில் நன்றாக வளரும் என்று படித்தேன்.

பதில்: படித்தது சரியே. சிவப்பு ஃபெஸ்கியூ, செவிங்ஸ் ஃபெஸ்கியூ, கடின ஃபெஸ்கியூ, ஆட்டு ஃபெஸ்கியூ எனப்படும் மெல்லிலை வகைகள் குளிர்நாடுகளில் மர நிழலுக்கும், உரம் குறைந்த மண்ணுக்கும், அடிக்கடி வெட்ட முடியாத சரிவுகளுக்கும் உகந்தவை. ஸ்காட்லாந்தின் கடலோரக் கோல்ஃப் திடல்களின் பெயர்பெற்ற தரையில் பெரும்பங்கு இவற்றுக்கு உண்டு. ஆனால் டால் ஃபெஸ்கியூ தாங்கும் வெப்பத்தைக்கூட இவை தாங்கா.

அதைவிட முக்கியமான தடை தங்கள் மாமரங்களே. மாமரம் பூப்பதற்கு முன், கார்த்திகை, மார்கழி மாதங்களில், மண் சற்றுக் காய்ந்திருக்க வேண்டும். அப்போது வேரடியில் நீர் பாய்ந்துகொண்டே இருந்தால் மரம் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும். பெங்களூராவும் செந்தூராவும் காய்க்கும் மரத்தடியில் புல்லுக்காக நாள்தோறும் நீர் தெளிப்பது, கையிலிருக்கும் பழத்தை விட்டுப் புல்லைப் பிடிப்பதாகும். நிழல் சற்றே சிதறி விழும் ஓரங்களில் அகன்ற இலை கொண்ட கார்ப்பெட் புல்லை வைக்கலாம். அடர்ந்த நிழலில் உதிர்ந்த மாவிலையையே மூடாக்காக விட்டுவிடுங்கள். கண்ணுக்கு ஏதாவது பச்சை வேண்டுமென்றால் நடைபாதை ஓரமாக மாண்டோ புல்லை வரிசையாக நடலாம். அது பெயரளவில்தான் புல்; உண்மையில் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.

தேன்கனிக்கோட்டை வாசகி ஒருவர்: ஒரு தங்கும் விடுதியின் பாறைத் தோட்டத்தில் நீல நிறத்தில் பந்து பந்தாக ஒரு புல்லைக் கண்டேன். நீல ஃபெஸ்கியூ என்றார்கள். எங்கள் ஊர் குளிர்ச்சியானதுதானே, வளருமா?

பதில்: தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியில் முயன்று பார்க்கத் தக்க ஃபெஸ்கியூ உண்டென்றால் அது இதுதான், ஆனால் தரையில் வேண்டாம், தொட்டியில் வையுங்கள். ஓரடி உயரத்துக்கு மேல் போகாத இப்புல்லின் நீலம், இலைமேல் படிந்துள்ள மெழுகுப் பூச்சால் வருவது. நிழலில் வைத்தால் அந்த நீலம் மங்கிப் பச்சையாகும்; ஆகவே காலை வெயில் முழுவதும் வேண்டும், பிற்பகல் வெயில் கூடாது. செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணலும் சிறு ஜல்லியும் சேர்ந்து ஒரு பங்கு என்று கலந்து, நீர் நிற்காத தொட்டியில் நடுங்கள். இதைக் கொல்வது வெயிலைவிட, புரட்டாசி, ஐப்பசி மழையில் தூரின் நடுவில் தேங்கும் ஈரமே. அம்மாதங்களில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம் என்பதற்காகவே தொட்டி என்றேன். நல்ல பராமரிப்பிலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி காய்ந்துவிடும். அப்போது பிரித்து, உயிருள்ள ஓரத் தூர்களை மட்டும் மார்கழியில் மறுபடி நட வேண்டும்.

பாலக்கோடு வாசகர் ஒருவர்: ஐந்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். ஃபெஸ்கியூ மேய்ந்தால் மாட்டின் குளம்பு கழன்றுவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் தன் புல்தரையில் வெட்டிய புல்லைத் தருவதாகச் சொல்கிறார். போடலாமா?

பதில்: மிக நல்ல நேரத்தில் கேட்டீர்கள். போட வேண்டாம்.

இதன் வரலாற்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்கஸ் என்னும் பேராசிரியர், மெனிஃபி என்னும் மாவட்டத்து மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் குளிர்காலத்திலும் பசுமை மாறாத புல்லைக் கண்டு விதை சேகரித்தார். சோதனைகளுக்குப் பின் 1943இல் 'கென்டக்கி 31' என்ற பெயரில் அது வெளியிடப்பட்டது. பெயரிலுள்ள எண், கண்டெடுத்த ஆண்டைக் குறிப்பது. மண்ணரிப்பைத் தடுத்தது, எந்த மண்ணிலும் வந்தது, பூச்சி தாக்கவில்லை. ஆகவே இலட்சக்கணக்கான ஏக்கரில் மேய்ச்சலுக்காக விதைத்தார்கள். ஆனால் மேய்ந்த மாடுகள் ஊக்கமாக இல்லை. கோடையில் உடல் சூடேறி, மயிர் முரடாகி, எந்நேரமும் குட்டைக்குள் போய் நின்றன, பால் குறைந்தது, குளிர்காலத்தில் சிலவற்றின் வால் நுனியும் காதோரமும் கருகி விழுந்தன, குளம்பும் கழன்றது. காரணம் 1970களில்தான் பிடிபட்டது. புல்லின் உடலுக்குள்ளேயே, வெளிக்குத் தெரியாமல், ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. விதை வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அது உண்டாக்கும் நச்சுப் பொருள் மாட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வாலும் குளம்பும் இரத்தம் போய்ச் சேரும் கடைசி எல்லைகள் என்பதால் முதலில் கெடுபவையும் அவையே. சினைக் குதிரைகளுக்கு இது இன்னும் கொடியது.

பூச்சியை விரட்டுவதும் அதே பூஞ்சைதான். அதனால் புல்தரைக்கென்று விற்கும் ஃபெஸ்கியூ விதைகளில் அப்பூஞ்சையை வேண்டுமென்றே தக்கவைத்திருப்பார்கள். மேய்ச்சலுக்கென்று விற்பவற்றில் பூஞ்சை நீக்கியதோ, தீங்கற்ற பூஞ்சை கொண்டதோ கிடைக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கியது புல்தரை விதை என்பதால்தான் வேண்டாம் என்றேன். இளஞ்சோளத் தட்டையை மாடு தின்றால் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும்; அது நாழிகையில் கொல்லும், இது மாதக்கணக்கில் கெடுக்கும். தீவனத்துக்குக் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணைகளும், நீர் குறைந்த இடத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும் போதும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் தங்கள் நிலத்துக்கு எது ஏற்றது என்று சொல்வார்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர் ஒருவர்: பண்ணைக்குட்டையின் கரை மழையில் கரைகிறது. மண்ணரிப்புக்கு ஃபெஸ்கியூ விதைக்கலாமா?

பதில்: வெட்டிவேர். கரையின் குறுக்கே, சரிவுக்கு எதிராக, அரையடிக்கு ஒரு தூர் வீதம் வரிசையாக நடுங்கள். அதன் வேர் ஆறு முதல் பத்தடி வரை செங்குத்தாக இறங்கி மண்ணைத் தைத்துவிடும். வரிசைகளுக்கு இடையே அருகு தானே படரும்.

ஊத்தங்கரை வாசகர் ஒருவர்: சென்ற இதழில் ஃபெஸ்கியூ இங்கே ஆகாது என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் சாதாரண வீட்டுக்கு எந்தப் புல்லை, எப்போது, எப்படி வைப்பது?

பதில்: ஒரு வரியில் எழுதியது என் பிழைதான், அதன் விளைவே இத்தனை கடிதங்கள்.

முழு வெயில் விழும், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடமென்றால் அருகம்புல்லின் மேம்பட்ட வகைகளான பெர்முடா. ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உப்பாக இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். கோடையில் வாரம் இரு முறை நீர் கிடைத்தாலும் உயிரோடிருக்கும். மிதிபடாத, பார்வைக்கான சிறு இடத்துக்குக் கொரியன் புல் வைக்கலாம்; வெட்டாமல் விட்டால் அது மெத்தைபோல் மேடுகட்டும். மெக்சிகன் இரண்டுக்கும் இடைப்பட்டது. விலையும் பராமரிப்பும் சேர்த்துக் கேட்டால் ஊத்தங்கரை வெயிலுக்கு நான் பெர்முடாவையே சொல்வேன்.

ஆனியில் தொடங்கி ஆவணிக்குள் நட்டுவிட்டால் புரட்டாசி, ஐப்பசி மழை தன் பங்கைச் செய்யும். நடுவதற்கு முந்தைய வேலையே பெரிய வேலை. ஓரடி ஆழம் கொத்தி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எடுத்து, நீர் பாய்ச்சிப் பத்து நாள் சும்மா விடுங்கள். மிச்சக் கோரை தலைகாட்டும். அதையும் கிழங்கோடு எடுத்து, மறுபடி நீர் பாய்ச்சுங்கள். இதை இரண்டு முறை செய்யாமல் விலையுயர்ந்த புல் பாயைக் கொண்டுவந்து விரிப்பவர்கள், மூன்று மாதத்தில் கோரைக்கே பாய் விரித்ததைக் காண்பார்கள். பிறகு மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்து பரப்பி, வாசலை நோக்கிச் சிறு சரிவு கொடுத்துச் சமன்படுத்துங்கள். பாயாக விரிக்கப் பணம் இல்லையென்றால், வேருள்ள துண்டுகளை நான்கங்குல இடைவெளியில் ஊன்றினால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும்.

முதல் வெட்டுக்கு அவசரப்பட வேண்டாம். துண்டு வேர் பிடித்ததா என்று ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால் வெட்டலாம், அதுவும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல்.